அலமாரியில் இருக்கும் போர்டு: குவார்ட்டஸ், விவாடோ – ஆய்வக நோக்கில் ஓர் ஒப்பாய்வு

மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பக்கத்தில் இருக்கும் ஜுருவில் நின்று பார்த்தால் இந்த ஒப்பீட்டின் இரு தரப்பும் அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. மேற்கே பாலத்தைக் கடந்தால் தீவின் பாயான் லெப்பாஸ். அங்கே 1972இல் கால் வைத்த முதல் மின்னணு நிறுவனங்களில் இன்டெலும் உண்டு, ஏ.எம்.டி.யும் உண்டு. தெற்கே போனால் பத்து காவான் தொழிற்பேட்டை. இன்னும் தெற்கே நிபோங் தெபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யு.எஸ்.எம்.) பொறியியல் வளாகம், 2001இல் பேராக்கின் துரோனோவிலிருந்து பெயர்ந்து வந்தது. வடக்கே பெர்மாத்தாங் பாவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் செபெராங் பிறை பாலிடெக்னிக்கும். ஜுரு, சிம்பாங் அம்பாட், புக்கிட் மெர்தாஜம் பக்கத்துப் பிள்ளைகள் மின்னணுவியல் படிக்கப் போய்ச் சேரும் இடங்களில் இவை முக்கியமானவை. படித்து முடித்தவர்கள் வேலை தேடிப் போகும் இடமும் பாலத்துக்கு அந்தப் பக்கமோ பத்து காவானோதான்.

இந்த வளாகங்களின் ஆய்வகங்களுக்கு முன்னால் இருக்கும் கேள்வி எளிமையாகத் தோன்றும். வன்பொருள் வடிவமைப்பு கற்றுத்தர, ஆய்வகக் கணினிகளில் குவார்ட்டஸை நிறுவுவதா, விவாடோவை நிறுவுவதா? குவார்ட்டஸ், 1983இல் தொடங்கிய ஆல்டெராவின் மென்பொருள். விவாடோ, அதற்கு அடுத்த ஆண்டு பிறந்த ஸைலின்க்ஸினுடையது. இரண்டும் சான் ஹோசேவில் வளர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றையொன்று துரத்திய நிறுவனங்கள். ஆல்டெராவை இன்டெல் 2015இல் 1,670 கோடி டாலருக்கு வாங்கியது. ஸைலின்க்ஸ் 2022 பிப்ரவரியில் ஏ.எம்.டி.யின் கைக்குப் போனது. பாயான் லெப்பாஸில் அரை நூற்றாண்டாக அண்டை வீட்டாராக இருக்கும் இரு நிறுவனங்கள், இப்படித்தான் ஆய்வக மேசையிலும் எதிரெதிரே உட்கார்ந்தன. 2025இல் இன்டெல் ஆல்டெராவின் 51 விழுக்காட்டை சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்த விற்பனைக்கும் ஆய்வகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொழில்துறைக் கண்ணால் பார்க்கிறார்கள். எது வேகமாகத் தொகுக்கிறது, எது அதிக அதிர்வெண்ணை எட்டுகிறது, எதன் சில்லு பெரியது. ஆய்வகத்துக்கு இவை எதுவும் முக்கியமில்லை. மூன்றாம் செமஸ்டர் மாணவர் எழுதும் நான்கு பிட் கூட்டியை எந்தச் சில்லும் எந்த வேகத்திலும் ஓட்டும். ஆய்வகத்தில் கேட்க வேண்டியது, ஒரே டெக்னீஷியன் கவனிக்கும் முப்பது நாற்பது கணினிகளில் இந்த மென்பொருள் செமஸ்டரின் முதல் வாரத்தில் திறக்குமா, பதினான்காம் வாரத்திலும் திறக்குமா, அடுத்த ஆண்டும் திறக்குமா என்பதுதான். அந்தக் கண்ணால் பார்க்கும்போது கிடைக்கும் விடை, தொழிற்சாலையில் கிடைக்கும் விடையிலிருந்து வேறுபடுகிறது.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: மாணவர் வெரிலாக் அல்லது வி.எச்.டி.எல். என்ற மொழியில் ஒரு சுற்றை விவரிக்கிறார். அது சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது சிமுலேஷன். பிறகு அதே விவரணையை வாயில்களாக மாற்றி, எஃப்.பி.ஜி.ஏ. என்ற சில்லுக்குள் இடம் ஒதுக்கி, கம்பி இணைத்து, கோப்பாக்கி, யு.எஸ்.பி. வழியாகப் போர்டில் ஏற்றுவது அடுத்த வேலை. குவார்ட்டஸும் விவாடோவும் செய்வது இதைத்தான். வேலை ஒன்றே, நிறுவிப் பராமரிப்பதில்தான் வழி பிரிகிறது.

முதல் பிரிவு மென்பொருளில் இல்லை, அலமாரியில் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் போர்டுகளை ஒருமுறை வாங்கினால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வைத்திருக்கும். மென்பொருளோ ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பிக்கப்படும். புதிய பதிப்பு பழைய சில்லுகளைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். எனவே நிறுவ உட்காரும் முன் முதலில் செய்ய வேண்டியது, அலமாரியைத் திறந்து போர்டின் நடுவில் இருக்கும் சில்லின் எண்ணைப் படிப்பது.

ஆல்டெரா பக்கத்து உதாரணம் தைவானின் டெராசிக் நிறுவனம் செய்த டி.ஈ.2 போர்டு. உலகெங்கும் கல்லூரி ஆய்வகங்களில் ஒரு தலைமுறையே அதில்தான் படித்தது. அதில் இருப்பது சைக்ளோன் 2 சில்லு. அந்தச் சில்லை ஏற்கும் கடைசிப் பதிப்பு 2013இல் வந்த குவார்ட்டஸ் 2, 13.0 சர்வீஸ் பேக் 1. அடுத்த பதிப்பான 13.1-ஐ நிறுவினால் சில்லுகளின் பட்டியலில் சைக்ளோன் 2 இருக்காது. அதே டெராசிக்கின் டி.ஈ.2-115 போர்டில் இருப்பது சைக்ளோன் 4. அதை இன்றைய குவார்ட்டஸ் பிரைம் லைட் பதிப்பும் ஏற்கிறது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. பெயரிலும் பின்னொட்டு ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் ஒன்றுக்கு 2013இல் உறைந்துபோன மென்பொருள் வேண்டும், மற்றதுக்கு வேண்டாம்.

ஸைலின்க்ஸ் பக்கத்திலும் இதே கதை, இன்னும் கடுமையாக. டிஜிலெண்ட் நிறுவனத்தின் பேசிஸ் 2 போர்டில் இருப்பது ஸ்பார்டன் 3ஈ. பேசிஸ் 3-இல் இருப்பது ஆர்டிக்ஸ் 7. எண்ணில் ஒன்றுதான் கூடியிருக்கிறது, ஆனால் மென்பொருளே மாறிவிடுகிறது. விவாடோ 2012இல் வந்தபோது ஏழாம் தலைமுறைச் சில்லுகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே என்று கோடு கிழித்துவிட்டார்கள். ஸ்பார்டன் 3, ஸ்பார்டன் 6 எல்லாம் பழைய ஐ.எஸ்.இ. மென்பொருளோடு நின்றன, அதன் கடைசிப் பதிப்பு 14.7, 2013 அக்டோபரில் வந்தது. அதை விண்டோஸ் 10-இல் அப்படியே நிறுவினால் கோப்பைத் திறக்கும் பெட்டி வந்ததுமே மூடிக்கொள்ளும். ஒரு டி.எல்.எல். கோப்பை அதன் மாற்றுக் கோப்பால் மாற்றி வைத்தால் சரியாகும் என்பது டெக்னீஷியன்கள் வழிவழியாகக் கடத்திய வித்தை. நிறுவனம் பின்னால் விண்டோஸ் 10-க்கென ஒரு பதிப்பு வெளியிட்டது. திறந்து பார்த்தால் அது மெய்நிகர் இயந்திரத்துக்குள் அடைக்கப்பட்ட லினக்ஸ் ஐ.எஸ்.இ.தான். அதுவும் ஸ்பார்டன் 6-க்கு மட்டும். பேசிஸ் 2 வைத்திருப்பவருக்கு அங்கும் இடமில்லை.

தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று இங்கே பொருந்தும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் வி.எல்.எஸ்.ஐ. வடிவமைப்பு ஆய்வகத்துக்கான கருவிப் பட்டியல் ஸைலின்க்ஸ் ஐ.எஸ்.இ.யையும் ஆல்டெரா குவார்ட்டஸையும் அருகருகே எழுதி, அல்லது அவற்றுக்கு இணையானது எதுவும் சரி என்று விட்டுவிட்டது. பாடத்திட்டக் குழு பக்கம் சாராமல் நடந்துகொண்டது நல்லதுதான். ஆனால் அந்த ஆண்டில் ஐ.எஸ்.இ. நின்றுபோய் நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. பாடத்திட்டத்தில் அதன் பெயர் தொடர்ந்ததற்குக் காரணம் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகளின் அலமாரிகளில் ஸ்பார்டன் போர்டுகள் இருக்கும்வரை அந்தப் பெயரை எடுக்க முடியாது.

அலமாரியில் புதிய தலைமுறைப் போர்டுகளே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது அளவு. குவார்ட்டஸ் லைட் பதிப்பின் முழுத் தொகுப்பு சுமார் 6 ஜிபி. சில்லுக் குடும்பங்களைத் தனித்தனிக் கோப்பாகவும் எடுக்கலாம். சைக்ளோன் 4 மட்டும் போதுமென்றால் அதை மட்டும் நிறுவலாம். விவாடோவின் அண்மைப் பதிப்புகளின் முழுத் தொகுப்பு 100 ஜிபி அளவில் வருகிறது. இணையவழி நிறுவியில் தேவையற்ற குடும்பங்களை எடுத்துவிட்டாலும் வட்டில் பல பத்து ஜிபி போய்விடும். ஆய்வகக் கணினியில் 256 ஜிபி வட்டுதான் என்றால், அதே கணினியில் மேட்லேப், ஆட்டோகேட், அலுவலகச் செயலிகள் எல்லாம் இருக்க வேண்டுமென்றால், விவாடோவை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வியாகிவிடும். இதில் குவார்ட்டஸுக்கே வெற்றி, வாதம் தேவையில்லை.

நாற்பது கணினிகளில் யாரும் நாற்பது முறை உட்கார்ந்து நிறுவுவதில்லை. இரண்டு மென்பொருளும் கேள்வி கேட்காமல் தானாக நிறுவிக்கொள்ளும் வழியைத் தருகின்றன. விவாடோவில் முதலில் ஓர் அமைவுக் கோப்பை உருவாக்கி, எந்தச் சில்லுகள் வேண்டும், எந்த அடைவில் என்று அதில் எழுதி, அதை எல்லாக் கணினிக்கும் கொடுக்கலாம். குவார்ட்டஸில் கட்டளை வரியிலேயே சொல்லிவிடலாம். இன்னொரு வழி, ஒரு கணினியில் எல்லாவற்றையும் சரியாக நிறுவி, அந்த வட்டின் நகலை மற்ற எல்லாக் கணினிகளிலும் இறக்குவது. பெரிய ஆய்வகங்கள் இரண்டாவது வழியையே விரும்புகின்றன. மறுதொடக்கம் செய்தவுடன் கணினியைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும் மென்பொருளையும் கூடவே போட்டுவிட்டால், மாணவர் எதை அழித்தாலும் மறுநாள் காலை எல்லாம் இருந்தபடி இருக்கும்.

இந்த நகலெடுக்கும் வழியில்தான் இந்த ஒப்பீட்டின் முக்கியமான முடிச்சு இருக்கிறது. அது சிமுலேட்டர்.

விவாடோவுக்குள் அதன் சொந்த சிமுலேட்டர் இருக்கிறது. தனி உரிமம் கிடையாது, வரி வரம்பு கிடையாது. விவாடோ நிறுவப்பட்ட கணினியில் அதுவும் இருக்கும். நகலெடுத்தால் நகலிலும் வேலை செய்யும். இதைப்பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் ஒரு மென்பொருளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமல் இருப்பது அதற்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு.

குவார்ட்டஸுக்குள்ளும் ஒருகாலத்தில் சொந்த சிமுலேட்டர் இருந்தது. அலை வடிவத்தைச் சுட்டியால் வரைந்து, பொத்தானை அழுத்தி விடையைப் பார்க்கலாம். பழைய ஆசிரியர்கள் இன்றும் அதை ஏக்கத்தோடு பேசுவார்கள். 9.1 பதிப்போடு அதை எடுத்துவிட்டு, மென்டர் நிறுவனத்தின் மாடல்சிம்மை ஆல்டெராவுக்கென வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள். இலவசப் பதிப்பில் 10,000 வரிகளைத் தாண்டினால் வேகம் குறையும். இளநிலை மாணவர் எவரும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டார். உரிமக் கோப்பு தேவையில்லை. பத்தாண்டுக்கு மேல் இந்த ஏற்பாடு அமைதியாக ஓடியது. லட்சக்கணக்கான மாணவர்கள் முதல் சிமுலேஷனை மாடல்சிம்மில்தான் பார்த்தார்கள். வேலையிலும் மாடல்சிம்மையோ அதன் மூத்த சகோதரன் குவெஸ்டாவையோ சந்திக்கப் போகிறவர்கள் என்பதால், அது படிப்பாகவும் ஆயிற்று. அந்தக் காலத்தில் குவார்ட்டஸ் விவாடோவைவிட ஆய்வகத்துக்கு ஏற்றது என்றே நான் சொல்லியிருப்பேன்.

21.1 பதிப்பில் மாடல்சிம் போய் குவெஸ்டா வந்தது. இதுவும் இலவசம்தான். ஆனால் உரிமக் கோப்பு வேண்டும். நிறுவனத்தின் உரிம வாசலில் கணக்குத் தொடங்கி, கணினியின் நெட்வொர்க் கார்டு எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணோடு கட்டப்பட்ட கோப்பு மின்னஞ்சலில் வரும். அதை வட்டில் ஓரிடத்தில் வைத்து, எங்கே வைத்தோம் என்று விண்டோஸின் சூழல் மாறி ஒன்றில் எழுத வேண்டும். ஆயுள் பன்னிரண்டு மாதம். விலை பூஜ்யம்தான், ஆனால் பூஜ்ய வேலை இல்லை. தன் மடிக்கணினியில் இதைச் செய்யும் ஒருவருக்கு இது கால் மணி நேரச் சங்கதி. ஆய்வகத்துக்கு அப்படியில்லை. வட்டை நகலெடுத்தால் நகலில் இருக்கும் உரிமம் முதல் கணினியின் கார்டு எண்ணோடு கட்டப்பட்டது, மற்றவற்றில் செல்லாது. எனவே ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கோப்பு. மறுதொடக்கத்தில் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருள் ஓடுகிறதென்றால், அதை நிறுத்தி, உரிமத்தை வைத்து, மீண்டும் பூட்ட வேண்டும். பன்னிரண்டு மாதம் கழித்து எல்லாவற்றையும் இன்னொரு முறை. ஏதாவது ஒரு கணினியின் கார்டைப் பழுதுபார்ப்பவர் மாற்றிவிட்டால் அதற்கு இடையிலேயே ஒருமுறை.

விலை இல்லாத பொருளுக்குப் பூட்டு எதற்கு என்று எந்த டெக்னீஷியனும் கேட்பார். நியாயமான கேள்வி. பல ஆய்வகங்கள் கண்ட தீர்வு எளியது: குவார்ட்டஸ் லைட் 20.1.1-ஐத் தாண்டாமல் நின்றுவிடுவது. மாடல்சிம்மோடு வந்த கடைசிப் பதிப்பு அதுதான். சைக்ளோன் 4, சைக்ளோன் 5, மேக்ஸ் 10 போர்டுகள் எல்லாம் அதில் ஓடும். கற்பிப்பதற்கு அதில் ஒரு குறையும் இல்லை. லினக்ஸ் ஆய்வகங்களில் மட்டும் ஒரு சிக்கல்: அந்த மாடல்சிம் 32 பிட் நிரல். 64 பிட் உபுண்டுவில் அதற்கென 32 பிட் நூலகங்களைத் தேடி நிறுவினால்தான் திறக்கும்.

கட்டணப் பதிப்புகளுக்கு வந்தால் இரு தரப்பும் ஒரே இடத்தில் நிற்கின்றன. பெரிய சில்லுகளுக்கு, மேம்பட்ட ஆய்வுகளுக்கு, பல்கலைக்கழகத் திட்டங்களின் வழியே கிடைக்கும் மிதவை உரிமங்களை ஒரு மையச் சேவையகத்தில் வைத்து, கணினிகள் வலையமைப்பில் அதைக் கேட்டு வாங்கும். இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஃபிளெக்ஸ்நெட் என்ற ஒரே உரிம ஏற்பாடு. சிக்கல்களும் ஒன்றே: சேவையகத்தின் பெயர் மாறினால் நின்றுவிடும், இடையில் இருக்கும் தீயரண் ஒரு வாயிலை மூடினால் நின்றுவிடும். ஆய்வகத் தளத்தில் இருப்பவருக்கு அந்த வாயிலைத் திறக்கும் அதிகாரம் இருக்காது. அது கணினி மையத்தின் கையில். இங்கே வெற்றி தோல்வி ஒன்றுமில்லை.

போர்டோடு பேசும் டிரைவரைப் பற்றி ஒரு வரி போதும். குவார்ட்டஸின் யு.எஸ்.பி. பிளாஸ்டருக்கு விண்டோஸில் கையால் டிரைவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும், நிர்வாகி உரிமை வேண்டும். விவாடோ நிறுவும்போதே கேபிள் டிரைவரையும் போட்டுவிடும். லினக்ஸில் இரண்டுக்குமே தனியாக விதி எழுத வேண்டும்.

கோப்பின் பாதை பற்றி எழுத நிறையவே இருக்கிறது, ஏனென்றால் இங்கே நம் ஊர்ப் பழக்கம் நுழைகிறது. மலேசியப் பல்கலைக்கழகங்கள் மாணவருக்கு ஒன்டிரைவ் கணக்குக் கொடுக்கின்றன. ஒன்டிரைவ் தன் அடைவுக்கு நிறுவனத்தின் முழுப் பெயரையும் சேர்த்துக்கொள்ளும். மலாயில் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர் எவ்வளவு நீளம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் இடைவெளிகள் வேறு. அதற்குள் மாணவர் பாடத்தின் பெயரில் ஓர் அடைவு, செமஸ்டருக்கு ஓர் அடைவு, பயிற்சிக்கு ஓர் அடைவு என்று திறக்கிறார். விவாடோ தன் திட்டத்துக்குள் அடுக்கடுக்காக உள்ளடைவுகளைப் படைக்கும் பழக்கம் உடையது. விண்டோஸ் பாதையின் 260 எழுத்து வரம்பைத் தாண்டியதும் சம்பந்தமே இல்லாத ஒரு பிழைச் செய்தியோடு நின்றுவிடும். இடைவெளி உள்ள பாதையில் இரண்டு மென்பொருளுமே சில கட்டங்களில் தடுமாறும். நீளமான பாதையில் தடுமாறுவது விவாடோதான் அதிகம். ஆய்வகத்தில் ஒவ்வொரு கணினியிலும் வட்டின் வேரிலேயே இரண்டெழுத்துப் பெயரில் ஓர் அடைவு திறந்து, வேலை எல்லாம் அங்கே, முடிந்ததும் நகல் மட்டும் ஒன்டிரைவுக்கு என்று விதி போட்டுவிட்டால் முதல் வாரத்தின் பாதிக் கேள்விகள் வராமலே போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் நிறுவுவது பற்றி. கற்பிக்கும்போது இரண்டும் மாணவரிடம் நடந்துகொள்ளும் விதமும் வேறு. அதையும் நிறுவும் முடிவோடு சேர்த்தே பார்க்க வேண்டும். குவார்ட்டஸில் வாயில்களைப் படமாக வரைந்து சுற்று அமைக்கலாம். தர்க்க வாயில்களை இப்போதுதான் சந்திக்கும் மாணவருக்கு இது பெரிய உதவி. ஐ.எஸ்.இ.யிலும் அது இருந்தது. விவாடோவில் வாயில் அளவில் வரைய முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆனால் கண்டிப்பில் விவாடோ சிறந்தது. சுற்றின் ஓர் உள்ளீட்டைச் சில்லின் எந்தக் காலோடு இணைப்பது என்று சொல்ல மறந்துவிட்டால், குவார்ட்டஸ் தானாகவே ஏதோ ஒரு காலை ஒதுக்கி, நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளுக்கு நடுவே அதையும் ஓர் எச்சரிக்கையாகச் சொல்லிவிட்டு, வெற்றி என்று பச்சை அடையாளம் காட்டும். மாணவர் போர்டில் ஏற்றுவார். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியாது. தன் தர்க்கத்தில் தவறு என்று நினைத்து, சரியாக இருந்த நிரலைத் திருத்தித் திருத்திக் கெடுப்பார். விவாடோ அந்த இடத்திலேயே நின்று, காலும் மின்னழுத்த வகையும் சொல்லாமல் கோப்புத் தரமாட்டேன் என்று சிவப்பில் மறுத்துவிடும். முதலில் எரிச்சலூட்டும், ஆனால் அந்த மறுப்பு பல மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

மாணவரின் மடிக்கணினியையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆய்வகம் மாலையில் பூட்டப்படும். ஒப்படைப்பு நள்ளிரவில் முடியும். குவார்ட்டஸும் விவாடோவும் விண்டோஸிலும் லினக்ஸிலும் மட்டுமே ஓடும். ஆப்பிள் வைத்திருப்பவருக்கு இரண்டுமே கிடையாது. ஜுருவிலிருந்து பேருந்திலோ மோட்டார் சைக்கிளிலோ வந்து போகும், கைப்பேசித் தரவில் இணையம் வைத்திருக்கும் மாணவரிடம் 100 ஜிபி இறக்கிக்கொள் என்று சொல்வது நடைமுறை அறியாத பேச்சு. விவாடோவைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வகம், நிறுவியை வெளி வட்டில் வைத்து இரவல் கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். சிமுலேஷன் மட்டும் போதும் என்ற வாரங்களுக்கு இகாரஸ் வெரிலாக்கும் ஜி.டி.கே.வேவும் இருக்கின்றன, திறந்த மூலம், சில பத்து எம்பி, உரிமம் என்ற பேச்சே இல்லை. முதல் ஆறு வாரங்களை அவற்றில் நடத்தலாம் என்பது என் கருத்து. பெரிய மென்பொருளை முதல் நாளே திறந்து மாணவரை மிரட்டத் தேவையில்லை.

விவாடோ பக்கம் சாய வைக்கும் ஒரு காரணம் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழு உருவாக்கிய சக்தி செயலியின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 2018இல் அதன் ஒரு வடிவம் இன்டெலின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலும், இன்னொன்று சண்டிகரில் 180 நானோமீட்டரிலும் சில்லாக வார்க்கப்பட்டன. அவ்வளவு தூரம் போகாமல், டிஜிலெண்டின் ஆர்டி ஏ7 போர்டில் ஏற்றியே சக்தியை ஓட்டிப் பார்க்கலாம். அந்தப் போர்டில் இருப்பது ஆர்டிக்ஸ் 7. எனவே வேண்டியது விவாடோ. கணினிக் கட்டமைப்பு படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர், முழு இயங்கும் செயலி ஒன்றைத் தன் மேசையில் ஓட்டிப் பார்ப்பதற்கு ஈடான பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. டிஜிலெண்டை முன்பு வாங்கியது நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்; அந்நிறுவனத்துக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை உண்டு. எந்த இழையைப் பிடித்து இழுத்தாலும் தீவின் தென்முனைக்கே வந்து சேர்கிறது.

மலேசியா 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்கப் போவதாகச் சொல்கிறது. சில்லுகளைப் பொட்டலம் கட்டுவதிலும் சோதிப்பதிலும் பெயர் வாங்கிய பினாங்கு, வடிவமைப்பிலும் பெயர் வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி, இத்தனை பேரும் முதல் வெரிலாக் வரியை எந்தக் கணினியில் எழுதப் போகிறார்கள் என்பதே. புதிய கட்டடங்களுக்கு நிதி கிடைக்கும். ஆய்வக டெக்னீஷியனுக்கு இரண்டாவது ஆள் கிடைப்பது அரிது.

என் தீர்ப்பைக் கேட்டால், சமமாகப் பிரித்துக் கொடுக்க மாட்டேன். தர்க்கச் சுற்று கற்பிக்கும் முதல் இரண்டு ஆண்டு ஆய்வகத்துக்கு டி.ஈ.2-115 அல்லது டி.ஈ.10-லைட் போர்டும், மாடல்சிம்மோடு 20.1.1-இல் நிறுத்தப்பட்ட குவார்ட்டஸும். வட்டு நகலில் எல்லாக் கணினிக்கும் ஒரே நாளில் போகும். ஐந்தாண்டு தொடத் தேவையில்லை. கணினிக் கட்டமைப்பு, இறுதியாண்டுத் திட்டம் ஆகியவற்றுக்குத் தனியாகப் பத்துப் பன்னிரண்டு பெரிய வட்டுக் கணினிகளும் விவாடோவும். ஒரே ஆய்வகம்தான் இருக்கிறது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், அலமாரியும் காலி என்றால் விவாடோ, 20.1.1-இல் என்றென்றும் நிற்க முடியாது, குவெஸ்டா உரிமத்தை ஆண்டுதோறும் சுமக்கவும் ஆளில்லை.

ஆனால் பழைய பதிப்பில் நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. 2022 புத்தாண்டு அன்று விவாடோவோடு வரும், சி மொழி நிரலைச் சுற்றாக மாற்றும் எச்.எல்.எஸ். கருவியின் பழைய பதிப்புகள் எல்லாம் ஒரே நாளில் ஒரு வேலையை மறுத்தன. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதம், நாள், மணி, நிமிடம் ஆகியவற்றை ஒட்டி ஒரே எண்ணாக்கி, அதை 32 பிட் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியின் எல்லை 2147483647. 2022 பிறந்ததும் எண் 2201010000 ஆனது, கொள்ளவில்லை. உருவாக்கிய தொகுதியை வெளியே எடுக்கும் கட்டளை தோற்றது. நிறுவனம் விரைவில் ஒட்டுப்போட்டது. ஆனால் பூட்டிய வட்டு நகல் வைத்திருந்த ஒவ்வோர் ஆய்வகமும் பூட்டைத் திறந்து ஒட்டை ஏற்ற வேண்டியிருந்தது.

அந்த ஒட்டு எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. தொடக்கத்தில் சொன்ன விற்பனையின் தொடர்பு இங்கேதான் வருகிறது. ஆல்டெராவின் கோப்புகள் முதலில் அதன் சொந்தத் தளத்தில் இருந்தன, பிறகு இன்டெலின் தளத்துக்குப் போயின, பிரிந்த பின் மீண்டும் ஆல்டெராவின் பெயருக்குத் திரும்புகின்றன. ஸைலின்க்ஸின் பக்கங்கள் ஏ.எம்.டி.க்குள் நகர்ந்தன. ஒவ்வொரு நகர்விலும் ஆய்வகக் கையேட்டில் அச்சிட்ட முகவரி செத்துப்போகிறது. ஆகவே 13.0 சர்வீஸ் பேக் 1, 20.1.1, ஐ.எஸ்.இ. 14.7, இப்போது பயன்படுத்தும் விவாடோ பதிப்பு ஆகிய நான்கின் முழு நிறுவிகளையும், அவற்றின் சரிபார்ப்பு எண்களோடு, துறையின் சொந்த வட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு டெராபைட்டில் பாதி வராது. எந்தப் போர்டுக்கு எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், அடுத்து வரும் டெக்னீஷியன் சில்லின் எண்ணைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி தேட வேண்டியிருக்காது.